கீழமாரட் வீதி வெங்காயக் கடைக் கணக்கு: டாஸ் புரோகிராம் விண்டோஸ் 11-ல் ஓடுமா?

கீழமாரட்டுக்காரன் கேட்டது:

வணக்கம். மதுரை கீழமாரட் வீதியில் எங்கள் பெரியப்பாவுக்கு வெங்காயக் கமிஷன் கடை. நாசிக், பெல்லாரி லோடும் வரும், திண்டுக்கல் பக்கத்துச் சின்ன வெங்காயமும் வரும். கடைக் கணக்கு முழுவதும் 1995-ல் ஒருவர் எழுதிக் கொடுத்த டாஸ் புரோகிராமில் இருக்கிறது. எழுதியவர் வெளிநாடு போய் ரொம்ப நாளாகிறது, தொடர்பு இல்லை.

கடையில் இருந்த பென்டியம் 3 போன வாரம் கண்ணை மூடிவிட்டது. எஸ்எம்பிஎஸ் மாற்றியும் பலனில்லை. திறந்து பார்த்தால் மதர்போர்டில் கெபாசிட்டர்கள் வரிசையாக உப்பிக் கிடக்கின்றன. நல்ல வேளையாக ஹார்ட் டிஸ்க்குக்கு ஒன்றும் இல்லை. ஐடிஇ டிஸ்க்கை யூஎஸ்பியில் மாட்டும் அடாப்டர் வாங்கி, கணக்கு ஃபோல்டரை என் லேப்டாப்புக்கு எடுத்துவிட்டேன். உள்ளே ஒரு இஎக்ஸ்இ, நிறைய டிபிஎஃப், அதே பெயர்களில் என்டிஎக்ஸ் என்று முடியும் ஃபைல்கள்.

விண்டோஸ் 11-ல் இரட்டைக் கிளிக் செய்தால் இந்தக் கம்ப்யூட்டரில் இது ஓடாது என்று சொல்லிவிடுகிறது. சரி என்று, டாஸ் புரோகிராம்களை ஓட்டிக் காட்டும் டாஸ்பாக்ஸ் 0.74-3 போட்டேன். நீலத் திரையும் மெனுவும் வந்தன. பெரியப்பா பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். ஆனால் ‘சரக்கு வரவு’க்குள் போனதும் ஓப்பன் எரர், டாஸ் எரர் 4 என்று வெளியே தள்ளுகிறது.

அடுத்தது தமிழ். விவசாயியின் கணக்கு எண்ணை அடித்தால் பெயரும் ஊரும் தமிழில் வர வேண்டும். அந்த இடத்தில் மேலே புள்ளி வைத்த ஆங்கில எழுத்துகளும் கோடுகளுமாக ஏதோ வருகிறது.

கடைசியாக பிரிண்டர். பழைய எப்சன் எஃப்எக்ஸ் வகை டாட் மேட்ரிக்ஸ், பேரலல் போர்ட் மட்டும் உள்ளது. நன்றாக ஓடுகிறது. லேப்டாப்பில் அந்த போர்ட் கிடையாது. விவசாயிக்குக் கொடுக்கும் சிட்டை அதில்தான் அடிக்க வேண்டும்: மூட்டை, எடை, விலை, கமிஷன், இறக்குக் கூலி, மகமை, லாரி வாடகை, முன்பணத்தில் கழித்தது, பாக்கி. தமிழில் பெயர் இல்லாத சிட்டையை வாங்கிக்கொண்டு போக யாரும் தயாராக இல்லை.

பெரியப்பாவுக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. கீபோர்டைப் பார்க்காமலே அடிப்பார். புது சாஃப்ட்வேர் என்ற பேச்சை எடுத்தால் எழுந்து டீ குடிக்கப் போய்விடுகிறார். என்ன செய்யலாம்?


வலைநிரலன்:

ப்ரோ, முப்பது வருஷத்துப் புரோகிராமோடு ஏன் மல்லுக்கட்ட வேண்டும்? டேட்டாவை எக்செல்லுக்கு எடுத்துவிட்டு ஏதாவது ஜிஎஸ்டி பில்லிங் ஆப் போட்டுக் கொடுத்துவிடுங்கள். பெரியவர்கள் ஒரு மாதத்தில் பழகிவிடுவார்கள். வாட்ஸப் பழகவில்லையா?


பழைய கிளிப்பர்காரர்:

கேள்வி கேட்ட தம்பிக்கு முதலில் பதில். வலைநிரலன் தம்பிக்கு அப்புறம்.

டிபிஎஃப்பில் இருப்பது டேட்டா, என்டிஎக்ஸில் இருப்பது அதைத் தேட உதவும் இண்டெக்ஸ். என்டிஎக்ஸ் இருக்கிறது, டாஸ் எரர் 4 வருகிறது என்றால் அது கிளிப்பர் என்ற டாஸ் கால மொழியில் எழுதியது. ஃபாக்ஸ்புரோவாக இருந்தால் இண்டெக்ஸ் ஐடிஎக்ஸ் அல்லது சிடிஎக்ஸ் என்று முடிந்திருக்கும். 1993-லிருந்து டவுன்ஹால் ரோட்டில் ஒரு மாடி அறையில் உட்கார்ந்து நானும் இதே வேலையைத்தான் செய்தேன். அரிசி ஆலை, பாத்திரக்கடை, லாரி செட்டு என்று ஊரில் பாதிக் கடைக்கு கிளிப்பர் 5.2 கணக்கு ஓடிய காலம் அது. கிளிப்பரைச் செய்த கம்பெனியை 1992-லேயே கம்ப்யூட்டர் அசோசியேட்ஸ் வாங்கிவிட்டது. எங்களுக்கு அது பற்றிய கவலையெல்லாம் இல்லை, கம்பைல் ஆனால் போதும்.

முதலில் விண்டோஸ் 11 கதை. பதினாறு பிட் புரோகிராம்களை ஓட்ட 32 பிட் விண்டோஸுக்குள் என்டிவிடிஎம் என்று ஒரு பகுதி இருந்தது. அது புராசசரின் வர்ச்சுவல் 8086 என்ற நிலையை நம்பி நின்றது. புராசசர் 64 பிட் நிலைக்குப் போய்விட்டால் அந்த வசதி கிடைக்காது. விண்டோஸ் 11-க்கு 32 பிட் பதிப்பே இல்லை. ஆகவே செட்டிங்கில் எதைத் தட்டினாலும் நேரடியாக ஓடாது. புராசசர், திரை அட்டை, கீபோர்டு எல்லாவற்றையும் மென்பொருளாலேயே போலச் செய்து காட்டும் எமுலேட்டர்தான் வழி. நீங்கள் சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறீர்கள்.

டாஸ் எரர் 4 என்றால் ஒரே நேரத்தில் திறக்கும் ஃபைல்கள் வரம்பைத் தாண்டிவிட்டன என்று அர்த்தம். சரக்கு வரவில் விவசாயி, ஊர், லாரி, முன்பணம், பேரேடு என்று எல்லாம் ஒன்றாகத் திறக்கும். ஒவ்வொன்றுக்கும் இண்டெக்ஸ் வேறு. கிளிப்பருக்கு இதை இரண்டு இடத்தில் சொல்ல வேண்டும். கான்ஃபிக் சிஸ் ஃபைலில் ஃபைல்ஸ் எண்ணிக்கை ஒன்று. ஆட்டோஎக்ஸெக் பேட்சில் ‘செட் கிளிப்பர்’ என்று தொடங்கும் வரி இன்னொன்று. இந்த இரண்டு ஃபைலும் கணக்கு ஃபோல்டரில் இருக்காது, சி டிரைவின் ரூட்டில் இருக்கும். அந்த டிஸ்க்கை மறுபடி மாட்டி அவற்றை நோட்பேடில் திறந்து பாருங்கள். உங்கள் பாதிக் கேள்விக்கு எழுதிய ஆளே அங்கே பதில் வைத்திருப்பார்.

தமிழ் விஷயமும் அங்கேதான் கிடக்கும் என்று நினைக்கிறேன். யூனிகோடு எங்கள் கடைகளுக்கு வராத காலம். ஒரு திரையில் 256 குறிகள்தான். கீழ்ப்பாதி ஆங்கிலம், மேல்பாதியில் கோடுகளும் ஐரோப்பிய எழுத்துகளும். அந்த மேல்பாதியைத் தூக்கிவிட்டு தமிழ் வடிவங்களை விஜிஏ என்ற திரை அட்டையில் ஏற்ற, காம் என்று முடியும் ஒரு சின்ன புரோகிராம் ஃபைலை முன்னாடியே ஓட்டுவோம். உங்கள் மெனுக்கட்டத்தை உற்றுப் பாருங்கள். அழகான இரட்டைக் கோடு இல்லாமல் கூட்டல் குறியும் கழித்தல் குறியுமாகக் கட்டம் போட்டிருந்தால் நான் சொல்வது சரி. கோடு இருந்த இடத்தைத் தமிழ் எடுத்துக்கொண்டுவிட்டது. நீங்கள் இஎக்ஸ்இயை மட்டும் ஓட்டுவதால் பழைய கோடும் புள்ளி எழுத்தும் வருகின்றன.

(கொஞ்சம் வசதியான இடங்களில் சிடாக் என்ற அரசு நிறுவனத்தின் ஜிஸ்ட் கார்டு போட்டிருப்பார்கள், இந்திய மொழிகளைத் திரையில் காட்ட. அது கம்ப்யூட்டருக்குள் சொருகும் தனி அட்டை. அதாக இருந்தால் இந்த வழி நடக்காது. வெங்காயக் கடையில் அதற்குச் செலவு செய்திருக்க மாட்டார்கள் என்று நம்புவோம்!)

இனி எந்த எமுலேட்டர் என்பது. சாதா டாஸ்பாக்ஸ் விளையாட்டுகளை ஓட்டுவதற்காகச் செய்தது. பிரிண்டர் அதில் கிடையாது. டாஸ்பாக்ஸ்-எக்ஸ் என்று அதிலிருந்து கிளைத்த ஒன்று இருக்கிறது, அதைப் போடுங்கள். பேரலல் போர்ட், ஃபைல்ஸ் எண்ணிக்கை, ஃபைல் பூட்டு எல்லாம் அதில் உண்டு. விடாஸ் என்று ஒன்றையும் சிலர் சொல்வார்கள். அலுவலகப் புரோகிராமுக்கென்றே செய்தது, நல்ல சரக்குதான். ஆனால் அது விண்டோஸின் ட்ரூடைப் எழுத்தில் திரையை வரையும். விஜிஏ அட்டையில் ஏற்றிய தமிழ் அதில் தெரியாது. டாஸ்பாக்ஸ்-எக்ஸிலும் டிடிஎஃப் அவுட்புட் என்று ஒன்று இருக்கிறது, அதே காரணத்துக்காக அதைத் தொடாதீர்கள்.

வேகத்தை ‘மேக்ஸ்’ என்று வைக்காதீர்கள். சைக்கிள்ஸை 20000 பக்கம் நிறுத்தினால் ஏறக்குறைய ஒரு 486 வேகம் கிடைக்கும், கடைக் கணக்குக்கு அது தாராளம். கிளிப்பர் தொடங்கும்போது மெஷினின் வேகத்தை அளந்து பார்க்கும். மெஷின் அளவுக்கு மீறி வேகமாக இருந்தால் ஆர்6003, பூஜ்யத்தால் வகுத்தல் என்று விழுந்துவிடும். இன்னொன்று, சாதா டாஸ்பாக்ஸில் கன்ட்ரோல்-எஃப்9 அழுத்தினால் எமுலேட்டரே கேள்வி கேட்காமல் மூடிக்கொள்ளும். நான் எழுதிய பல புரோகிராம்களில் அந்தக் கீயில்தான் பில்லைச் சேமிப்போம். உங்கள் பெரியப்பாவின் விரல் எந்தக் கீக்குப் போகிறது என்று பக்கத்தில் நின்று பாருங்கள்.

பிரிண்டருக்கு வருவோம். யூஎஸ்பி-பேரலல் கேபிள் வாங்கினால் விண்டோஸுக்கு அது யூஎஸ்பி பிரிண்டராகத்தான் தெரியும், டாஸ் தேடும் எல்பிடி1 என்ற பேரலல் போர்ட்டாகத் தெரியாது. அது பரவாயில்லை. டாஸ்பாக்ஸ்-எக்ஸில் பேரலல் போர்ட்டை ஒரு ஃபைலுக்குத் திருப்பிவிடுங்கள். விண்டோஸில் அந்த பிரிண்டரை ‘ஜெனரிக் டெக்ஸ்ட் ஒன்லி’ டிரைவரில் போட்டு ஷேர் செய்யுங்கள். வந்து விழும் ஃபைலை காப்பி கட்டளையில் பைனரியாக அந்த ஷேருக்கு அனுப்பினால் பைட் மாறாமல் பிரிண்டருக்குப் போகும். டாஸ்பாக்ஸ்-எக்ஸுக்குள்ளேயே பக்கத்தைப் படமாகத் தரும் போலி பிரிண்டர் இருக்கிறது. பார்க்க நன்றாக இருக்கும், உங்களுக்கு உதவாது. ஏனென்றால் டாட் மேட்ரிக்ஸில் தமிழ் அடித்த விதம் வேறு. பிரிண்டரின் ரேமுக்குள் எழுத்தையே இறக்குவோம். ரோமில் உள்ள ஆங்கிலத்தை முதலில் ரேமுக்குக் காப்பி எடுக்க ஒரு கட்டளை. பிறகு ஒவ்வொரு தமிழ் வடிவமாக ஊசிப் புள்ளிகளில் வரையறுத்து அனுப்புவது. கடைசியில் ‘இனி ரேமில் உள்ளதையே அடி’ என்று ஒரு கட்டளை. பிரிண்டரை அணைத்தால் எல்லாம் போச்சு. காலையில் கடை திறந்ததும் திரும்ப இறக்க வேண்டும்.

வலைநிரலன் தம்பிக்கு: பதப்படுத்தாத வெங்காயத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது. விளைபொருளை விற்றுக் கொடுக்கும் கமிஷனுக்கும் கிடையாது. அதனால்தான் 2017-ல் ஊரெல்லாம் சாஃப்ட்வேர் மாற்றியபோது இந்த மாதிரிக் கடைகள் மாற்றவில்லை. சாக்குக் கழிவு, மகமை, ஊருக்கு ஊர் மாறும் லாரி வாடகை, முன்பணம் கழிக்கும் முறை இதெல்லாம் சாதா பில்லிங் ஆப்பில் தயாராக இருக்காது. எழுதித்தான் ஆக வேண்டும். அதை எழுதி முடிக்கும் வரை கடை என்ன செய்யும்?


சிம்மக்கல் அச்சகம்:

அண்ணன் சொன்னதில் ஒன்று சேர்க்கிறேன். ஃபோல்டரை காப்பி எடுத்ததோடு நிற்காதீர்கள். டிஸ்க் இன்னும் சுற்றும்போதே டிஸ்க் முழுவதையும் ஒரே இமேஜ் ஃபைலாக எடுத்து இரண்டு இடத்தில் வையுங்கள். லினக்ஸில் டிடிரெஸ்க்யூ நல்லது. படிக்க முடியாத இடத்தை விட்டுவிட்டு மற்றதை எடுத்து, பிறகு விட்ட இடத்துக்குத் திரும்பி வரும். அடாப்டரில் மாட்டும் முன் டிஸ்க்கின் ஜம்பர் மாஸ்டரில் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் சில அடாப்டரில் டிஸ்க்கே தெரியாது.

எங்கள் அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகை ஃபைல்கள் எல்லாம் பேஜ்மேக்கர் 6.5 என்ற பழைய பக்க வடிவமைப்பு சாஃப்ட்வேரில் இருக்கின்றன. போன தலைமுறைக் கல்யாணத்தின் பத்திரிகையைக் காட்டி ‘இதே மாதிரி வேண்டும்’ என்று இன்றும் ஆள் வருவார்கள். அதற்கு வர்ச்சுவல்பாக்ஸில் விண்டோஸ் எக்ஸ்பி போட்டு ஓட்டுகிறேன். அது எமுலேட்டர் வகை இல்லை. நம் புராசசரையே நேரடியாகப் பயன்படுத்திக்கொள்ளும், ஆகவே வேகம் பிரமாதம். எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரலோடு பாதுகாப்பு அப்டேட் நின்றுவிட்டதால் அந்த மெஷினுக்கு நெட் இணைப்பே கொடுக்கவில்லை. ஒரு ஷேர் ஃபோல்டர் மட்டும்.

ஆனால் வர்ச்சுவல்பாக்ஸுக்குள் டாஸ் புரோகிராமை ஓட்டினால் லேப்டாப் ஃபேன் ஊளையிடும். டாஸ் புரோகிராம் கீ அழுத்தும் வரை சும்மா இருக்காது, ‘கீ வந்ததா, கீ வந்ததா’ என்று சுற்றிக்கொண்டே இருக்கும், நிஜ புராசசர் அதற்கு முழு வேகத்தில் ஈடுகொடுக்கும். டாஸ்பாக்ஸ்-எக்ஸில் சைக்கிள்ஸைக் கட்டி வைத்தால் அந்தத் தொல்லை குறைவு. எதுவுமே சரிவராவிட்டால் 86பாக்ஸ் இருக்கிறது. மதர்போர்டு மாடல், பயாஸ் வரைக்கும் பழைய மெஷினை அப்படியே கட்டும். நீங்கள் எடுக்கிற டிஸ்க் இமேஜை அதில் போட்டு விண்டோஸ் 98-ஐயே கிளப்ப வாய்ப்பு உண்டு. தினசரி கடை வேலைக்கு அது கனம், கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள்.


கீழமாரட்டுக்காரன்:

அண்ணே, ரூட்டில் இருந்தது! ஆட்டோஎக்ஸெக்கில் ‘செட் கிளிப்பர்’ வரி, அதற்குக் கீழே இரண்டு காம் ஃபைல்கள். ஒன்று திரைக்கு, ஒன்று பிரிண்டருக்கு. இரண்டும் தனியாக வேறொரு ஃபோல்டரில் இருந்தன. நான் அந்த ஃபோல்டரைக் கொண்டு வரவே இல்லை.

டாஸ்பாக்ஸ்-எக்ஸில் எல்லாவற்றையும் அதே வரிசையில் போட்டேன். மெனுக்கட்டம் நீங்கள் சொன்ன மாதிரி கூட்டல், கழித்தல் குறிதான். சரக்கு வரவு திறந்தது, கணக்கு எண் அடித்ததும் பெயர் தமிழில் வந்தது. ‘ணை’யும் ‘லை’யும் பழைய யானைத் தும்பிக்கை வடிவத்தில் இருக்கின்றன. பெரியப்பா 1996-ல் முன்பணம் வாங்கி இன்னும் தீர்க்காத ஒரு நத்தம் ஆளின் பெயரைத்தான் முதலில் தேடினார். இருக்கிறது. நிலுவையும் இருக்கிறது.

கன்ட்ரோல்-எஃப்9 இங்கே இல்லை, எஃப்10-ல்தான் சேமிப்பு. தப்பித்தோம்.

பிரிண்டரில்தான் இன்னும் இடிக்கிறது. ஃபைலுக்குத் திருப்பி, காப்பி கட்டளையில் அனுப்பினால் எண்கள், கோடுகள், சின்ன எழுத்தில் வரும் அடிக்குறிப்பு எல்லாம் கச்சிதமாக வருகின்றன. தமிழ்ப் பெயர் வரும் இடத்தில் மட்டும் சாய்வான ஆங்கில எழுத்துகள். பிரிண்டருக்கான காம் ஃபைலை முதலிலேயே ஓட்டிவிட்டேன், எரர் எதுவும் இல்லை.

இன்னொன்று. தம்பி ஒருவன் பக்கத்து மேஜையிலும் ஒரு லேப்டாப் வைத்து, அதே ஃபோல்டரை நெட்வொர்க்கில் திறந்து பில் போடலாமே என்கிறான். செய்யலாமா?


விருதுநகர் வத்தல்:

இரண்டு லேப்டாப் கேள்விக்கு மட்டும் பதில். வேண்டாம். எங்கள் வத்தல் கடையில் இதே ஆசையில் செய்து பார்த்தார்கள். சாதா டாஸ்பாக்ஸ் ஃபைல் பூட்டைக் கவனிக்காது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஒரே பேரேட்டில் எழுத, இண்டெக்ஸ் குலைந்து ஒருத்தர் கணக்கு இன்னொருத்தர் பெயரில் காட்டியது. டாஸ்பாக்ஸ்-எக்ஸில் பூட்டு உண்டு என்றாலும், அந்தப் புரோகிராம் ஒரு ஆளுக்கென்று எழுதியதா, பல பேருக்கென்று எழுதியதா என்று தெரியாமல் கை வைக்காதீர்கள். ஒரு மெஷின், ஒரு ஆள். சாயங்காலம் ஃபோல்டரை ஜிப் செய்து பென் டிரைவில் போட்டு வீட்டுக்குக் கொண்டு போங்கள். கரண்ட் போய் மெஷின் அணைந்தால் மறுநாள் முதல் வேலை புரோகிராமில் உள்ள ரீஇண்டெக்ஸ் மெனு. டிபிஎஃப் நன்றாக இருக்கும் வரை என்டிஎக்ஸ் போனால் போகட்டும், திரும்பக் கட்டிக்கொள்ளலாம்.


பழைய கிளிப்பர்காரர்:

சாய்வான ஆங்கிலம் வருகிறதா? அப்படியானால் கேபிள், டிரைவர், பைட் எல்லாம் சரி. மேல்பாதிக் குறிகளுக்கு அந்த எப்சன் தன் ரோமில் வைத்திருப்பது சாய்வெழுத்துதான். தமிழ் இன்னும் பிரிண்டருக்குள் இறங்கவில்லை, அவ்வளவே. காம் ஃபைல் தமிழை அனுப்பியது எங்கே? பேரலல் போர்ட்டுக்கு. போர்ட்டை நீங்கள் ஃபைலுக்குத் திருப்பியிருக்கிறீர்கள். ஆக அந்த எழுத்துகள் லேப்டாப்பில் ஏதோ ஒரு ஃபைலில் உட்கார்ந்திருக்கின்றன. தேடுங்கள், கிடைக்கும். ஒன்பது ஊசி பிரிண்டரில் ஒரு எழுத்துக்குப் பன்னிரண்டு பைட் பக்கம்தான், 128 எழுத்து என்றாலும் ஒன்றரை கிலோபைட் சொச்சம். அந்த ஃபைலைப் பெயர் மாற்றி பத்திரப்படுத்துங்கள். இனிமேல் ஒவ்வொரு சிட்டையை அனுப்பும்போதும் முதலில் இதையும் அடுத்துச் சிட்டையையும் ஒட்டி ஒரே ஃபைலாக அனுப்ப பேட்ச் ஃபைலில் ஒரு வரி எழுதிவிடுங்கள். நடுவில் யாராவது பிரிண்டரை அணைத்துப் போட்டாலும் கவலையில்லை. அப்படியும் வராவிட்டால் பிரிண்டரின் டிப் ஸ்விட்ச்சைப் பாருங்கள். சில மாடல்களில் ரேமை வரும் டேட்டாவுக்கு ஒதுக்குவதா, எழுத்துக்கு ஒதுக்குவதா என்று ஒரு ஸ்விட்ச் உண்டு. பழைய மெஷினில் வேலை செய்த பிரிண்டர் என்பதால் அது சரியாகத்தான் இருக்க வேண்டும்.

இது முடிந்ததும் ஒரு சோதனை செய்யுங்கள். ஃபோல்டரை வேறு பெயரில் காப்பி எடுத்து, அந்தக் காப்பியில் மட்டும். தேதி கேட்கும் இடத்தில் 01-01-30 என்று அடித்து ஒரு முன்பணம் போடுங்கள். பிறகு முன்பணப் பட்டியலைப் பாருங்கள். அது கடைசியில் வருகிறதா, எல்லாவற்றுக்கும் முதலில் வருகிறதா?

காரணம் சொல்கிறேன். டிபிஎஃப் ஃபைலுக்குள் ஆண்டு நான்கு இலக்கமாகத்தான் இருக்கும். திரையில் இரண்டு இலக்கம் அடிக்கும்போது அது எந்த நூற்றாண்டு என்று கிளிப்பர் 5-ல் ‘செட் இபாக்’ என்ற வரி தீர்மானிக்கும். 1930 என்று கொடுத்திருந்தால் 30 முதல் 99 வரை 1900-களில் போகும், 00 முதல் 29 வரை 2000-களில் வரும். 2000-ஆம் ஆண்டுக்கு முன்னால் அவசர அவசரமாக நாங்கள் எல்லாரும் அந்த வரியைச் சேர்த்தோம். ஆளாளுக்கு ஒரு எண். 1930 போட்டவர்கள் நிறைய. 2030 வரை இந்த மெஷின் எங்கே இருக்கப்போகிறது என்ற நினைப்பு. தானாக வரும் இன்றைய தேதிக்குக் கெடுதல் இல்லை, கையால் அடிக்கும் தேதிதான் 1930-க்குப் போகும். எமுலேட்டரில் எந்த செட்டிங் மாற்றியும் இதைச் சரிசெய்ய முடியாது, இஎக்ஸ்இக்குள் இறுகிவிட்டது. பிஆர்ஜி என்று முடியும் மூல ஃபைல்கள் இருந்தால் ஒரே வரி மாற்றம். கடையில் பழைய ஃப்ளாப்பி ஏதாவது கிடக்கிறதா?


கீழமாரட்டுக்காரன்:

அண்ணே, தமிழ் அடித்துவிட்டது. எழுத்து ஃபைல் நீங்கள் சொன்ன அளவுதான். முதல் சிட்டையை வாங்கிப் பார்த்த லோடுமேன் அண்ணன் ‘இதுதான் நம்ம சிட்டை’ என்று சொல்லிவிட்டுப் போனார்.

சோதனையும் செய்தேன். 01-01-30 அடித்தது பட்டியலில் 1995-க்கும் மேலே போய் உட்கார்ந்துவிட்டது. நிலுவை நாள் என்ற கட்டத்தில் இடம் போதாமல் நட்சத்திரக் குறி வருகிறது.

ஃப்ளாப்பி இருக்கிறது. பெரியப்பா இரும்புப் பெட்டியில், பழைய பத்திரங்களுக்கு நடுவில் ஒரு கவர் வைத்திருந்தார். மேலே ‘சோர்ஸ்’ என்று பேனாவில் எழுதியிருக்கிறது. மூன்றரை அங்குலம். ஒன்றில் சட்டரைத் தள்ளிப் பார்த்தால் உள்ளே வெள்ளையாகப் பூஞ்சை மாதிரி தெரிகிறது. அதை டிரைவில் போடலாமா?


சிம்மக்கல் அச்சகம்:

போடாதீர்கள்! பூஞ்சையோடு சுற்றினால் டிரைவின் ஹெட்டும் கெடும், தட்டும் கீறிவிடும். நல்லதாகத் தெரிபவற்றை முதலில் படிக்கலாம். என்னிடம் யூஎஸ்பி ஃப்ளாப்பி டிரைவ் இருக்கிறது. 1.44 எம்பி வகை என்றால் படிக்கும். ஃப்ளாப்பியின் ஓரத்தில் எழுதுவதைத் தடுக்கும் சின்னக் கட்டையைத் தள்ளி, ஓட்டை திறந்து தெரியும்படி வைத்துக் கொண்டு வாருங்கள். விண்டோஸ் தெரியாமல் எதையும் எழுதிவிடக் கூடாது. பூஞ்சை பிடித்ததைத் தனியாகச் சுத்தம் செய்து, கடைசியில் பார்ப்போம்.


பழைய கிளிப்பர்காரர்:

பிஆர்ஜி கிடைத்தால் எனக்கும் அனுப்புங்கள் தம்பி. இபாக் வரியை 1960 ஆக்கி, டாஸ்பாக்ஸ்-எக்ஸுக்குள்ளேயே பழைய கிளிப்பரில் கம்பைல் செய்து தருகிறேன், 2059 வரை ஓடும். ஹார்பர் என்று கிளிப்பருக்கு இணங்கிப் போகும் திறமூல கம்பைலர் ஒன்றும் இருக்கிறது. அதில் கட்டினால் விண்டோஸ் 11-லேயே எமுலேட்டர் இல்லாமல் ஓடும், இதே டிபிஎஃப், என்டிஎக்ஸைப் படிக்கும். ஆனால் விஜிஏயில் ஏற்றும் தமிழ் அங்கே நடக்காது, பெயர்களை யூனிகோடுக்கு மாற்றியாக வேண்டும். அதற்கு வலைநிரலன் மாதிரி ஆள்தான் சரி. 128 குறிக்கும் எது எந்த எழுத்து என்று ஒரு அட்டவணை போட்டு, பைத்தானில் மாற்ற வேண்டும். இதில் ஒரு வேலை கூடுதல்: பழைய முறையில் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் ஐகாரத் தும்பிக்கையும் எழுத்துக்கு முன்னால் சேமிக்கப்பட்டிருக்கும், யூனிகோடில் பின்னால் வர வேண்டும். ‘கொ’ மாதிரி இரண்டு பக்கமும் உள்ளவற்றை ஒன்றாகச் சேர்க்க வேண்டும்.

லிப்ரெஆபீஸ் கால்க் டிபிஎஃப்பை நேராகத் திறக்கும். பார்ப்பதற்கு மட்டும் திறங்கள், காப்பியில். அதில் சேமித்துவிட்டால் கட்டத்தின் அகலம் மாறும், அப்புறம் கிளிப்பர் அதை ஏற்காது.


வலைநிரலன்:

அட்டவணையை நான் போடுகிறேன் அண்ணே. 128 குறியும் தெரிகிற மாதிரி திரையை ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போடுங்கள். விவசாயிகள் ஃபைலில் பெயர், ஊர் காலங்களை மட்டும் ஒரு இருபது வரி கொடுத்தால் போதும், பணக் கணக்கு எதுவும் வேண்டாம்.


கீழமாரட்டுக்காரன்:

ஸ்கிரீன்ஷாட் இன்று ராத்திரி போடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஃப்ளாப்பிக் கவரோடு சிம்மக்கல் வருகிறேன் அண்ணே. பெரியப்பாவும் வருவேன் என்கிறார். உங்கள் பேஜ்மேக்கரில் அக்கா கல்யாணப் பத்திரிகை இன்னும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம்.